எருக்குழியிலும் கல்லடியிலும் வாழும் சிற்றுயிர்கள்

திருவள்ளூரிலிருந்து திருத்தணிக்குச் செல்லும் பெருஞ்சாலையில், திருவாலங்காட்டுக்கு வழி பிரியும் இடத்தில் கனகம்மாசத்திரம் இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள கிராமங்களில் ஏரிப் பாசனத்தில் நெல்லும், கிணற்றுப் பாசனத்தில் கரும்பும், மேட்டு நிலங்களில் வேர்க்கடலையும், ஆங்காங்கே மாந்தோப்புகளும் உள்ளன. ஐப்பசி மாதத்து மழை விழுந்ததும், வரப்பு, எருக்குழி, கிணற்றுமேட்டுக் கற்குவியல், வைக்கோற்போரின் அடி ஆகிய இடங்களில் இருட்டிலும் ஈரத்திலும் மறைந்து கிடந்த பலவகைச் சிறு ஜந்துக்கள் வெளிப்படுகின்றன. குடியானவர்கள் இவை யாவற்றையும் 'பூச்சி' என்ற ஒரே பெயரால் அழைத்து, கடையிற் கிடைக்கும் ஏதேனும் ஒரு மருந்தை இட்டு ஒருங்கே ஒழிக்க முற்படுவது வழக்கமாகிவிட்டது. இவற்றுட் சில கூலி வாங்காமல் நம் நிலத்தை உழுபவை. சில நம் மகசூலிற் பங்கு கொள்பவை. ஒன்று மனிதரின் உயிரையே கவர வல்லது. வேறுபாடறியாமல் நஞ்சிடுவதால் முதல் வகை அழிகிறது, இரண்டாம் வகை சில நாள் ஒதுங்கியிருந்து மீண்டும் பெருகுகிறது, மூன்றாவதோ தன் இடுக்கில் பத்திரமாக இருந்துவிடுகிறது. ஆகவே இவற்றைத் தனித்தனியே அறிந்துகொள்வது மிராசுதார்களுக்கும் கிராம அதிகாரிகளுக்கும் அவசியமாகும்.

இவை இருட்டை நாடுவதற்குக் காரணம் பெரும்பாலும் நீரேயாகும். மண்புழுவுக்கு நுரையீரல் கிடையாது. அது தோலின் வழியாகவே சுவாசிக்கிறது. தோல் நனைந்திருந்தாலன்றி அவ்வழியே காற்று உட்புகாது. வெயிலில் அகப்பட்ட மண்புழு சிறிது நேரத்தில் வறண்டு மடிவதைப் பலரும் பார்த்திருப்பர். ஈரக் கல்லைப் புரட்டினால் அடியில் ஓடும் சாம்பல் நிறமான, பல கால்களையுடைய, சில வகைகள் தொட்டவுடன் மிளகு போல் உருண்டுகொள்ளும் சிறு உயிர் பூச்சி இனத்தைச் சேர்ந்ததே அன்று; அது இறாலுக்கும் நண்டுக்கும் உறவினம். நீரைவிட்டு நிலத்துக்கு வந்தும் வயிற்றின் கீழுள்ள செவுள் போன்ற உறுப்புகளாலேயே அது சுவாசிப்பதால், ஈரமின்றி வாழாது. மரவட்டைக்கும் பூரானுக்கும் பூச்சிகளுக்குள்ளது போன்ற மெழுகுப் பூச்சு உடம்பின்மேல் போதுமானவாறு இல்லை. தேள் மாத்திரம் இதற்கு விலக்கு. அதன் ஓடு நீரை நன்கு காப்பதால், அது வறண்ட இடுக்கிலும் வாழும். பகலில் ஒளிந்திருந்து இரவில் இரை தேடவே அது இருட்டை விரும்புகிறது.

தம் நிலத்தில் எவை குடியிருக்கின்றன என்று அறிய விரும்புபவர் மழைக்குப் பின் ஒரு நாள் காலையில் மண்வெட்டியால் ஓரடி நீளம், ஓரடி அகலம், ஓரடி ஆழமுள்ள மண்ணை எடுத்து ஒரு சாக்கின்மேற் கொட்டிக் கையுறையுடன் கிளறிப் பார்க்கலாம். ஒரு நிலத்தில் ஓரிடத்தை மட்டும் பாராமல், நன்றாக விளையும் வயலிலும் விளையாத வயலிலுமாகப் பார்த்து எண்ணி எழுதிக்கொண்டால், அவ்விரண்டுக்குமுள்ள வேற்றுமை யாரும் எடுத்துச் சொல்லாமலே விளங்கும்.

முதலில் மண்புழுவைப் பற்றிக் கூறுவோம். பழந்தமிழில் இதற்கு நாங்கூழ், பூநாகம் என்னும் பெயர்கள் உண்டு. திருத்தணித் தாலுக்கா 1960-ஆம் வருஷம் ஏப்ரல் முதல் தேதி வரையில் ஆந்திரத்தின் சித்தூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. இன்றும் இங்கே தெலுங்கு பேசும் குடிகள் பலர். அவர்கள் இதனை 'வானபாமு' என்பர். மழைப் பாம்பு என்பது அதன் பொருள். கோடையில் நம் நாட்டு மண்புழு ஆழத்துக்குச் சென்று சுருண்டு கிடந்து, மழை மண்ணை நனைத்த பின்னரே மேலே வருவதால், அப்பெயர் பொருத்தமானதே. நம் பக்கத்து நிலங்களில் மிகுதியாகக் காணப்படுவது 'லாம்பிடோ மொரீஷி' என்று சாஸ்திரிகள் பெயரிட்டுள்ள இனமாகும். இது மண்ணையும் மக்கிய தழையையும் சேர்த்து உண்டு, நிலத்தின் மேற்பரப்பிற் சிறு உருண்டைகளாகக் கழிக்கிறது. அவ்வுருண்டைகளிற் பயிர் எளிதில் ஏற்கக்கூடிய தழைச்சத்தும் மணிச்சத்தும் சுற்றியுள்ள மண்ணிலிருப்பதைவிட அதிகம். அது துளைத்துச் சென்ற வழிகளோ மழைநீரைக் கீழே இறக்கும் கால்வாய்களாக உதவுகின்றன. மழை பெய்தவுடன் மேல்மண் இறுகித் தண்ணீர் ஓடிவிடும் செம்மண் மேடுகளில் இதன் அருமை நன்றாகத் தெரியும்.

இங்கிலாந்து தேசத்துச் சார்லஸ் டார்வின் என்னும் பேரறிஞர் பல்லாண்டுகள் இப்புழுவை ஆராய்ந்து, தம் மரணத்துக்கு முந்தைய வருஷமாகிய 1881-இல் இதைப்பற்றியே ஒரு நூல் வெளியிட்டார். அத்தேசத்தின் பல பாகங்களில் ஓர் ஏக்கர் நிலத்தில் வருஷந்தோறும் பத்து டன்னுக்கு மேற்பட்ட மண் மண்புழுக்களின் உடல் வழியாகச் சென்று மேலே வருகிறது என்பது அவர் கணக்கு. நம் நாட்டு அறிஞர்களும் இதைக் கவனியாமலில்லை. பெ. சுந்தரம் பிள்ளை அவர்கள் 1891-இல் வெளியிட்ட 'மனோன்மணீயம்' நாடகத்தில், நாங்கூழ்ப் புழுவை ஓர் உழவனாகவே பாவித்துப் பாராட்டும் பகுதி ஒன்றுண்டு. நாடகப் பாத்திரம் ஒருவன் வயலருகே நின்று மண்புழுவோடு பேசுவது நகரவாசிகளுக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். நிலமுள்ளவருக்கு அப்படித் தோன்றாது.

இங்கே ஒரு வீண்செலவைக் குறிப்பிட வேண்டியிருக்கிறது. மண்புழு உரம் தயாரிப்பதற்கென விலைக்கு விற்கப்படும் 'யூட்ரிலஸ்', 'ஐசீனியா' முதலிய அந்நிய இனப் புழுக்களை வாங்கி நேரே வயலில் விடும் பழக்கம் சிலரிடம் உள்ளது. அவை குப்பையிலும் சாணத்திலும் வாழ்பவை. உரத்தொட்டியில் நன்றாக வேலை செய்யும். ஆனால் தழை குறைந்த வெறும் வயல் மண்ணில் நிலைத்து வாழா. நிலத்தை உழும் நாட்டுப் புழுவை விலை கொடுத்துத் தருவிக்க வேண்டியதில்லை. நிலத்தைக் கோடையில் வெறுமையாக விடாமல் சணப்பையோ தக்கைப்பூண்டோ விதைத்து மடக்கி உழுதலும், நன்கு மக்கிய தொழுவுரத்தை மழைக்குமுன் பரப்புதலும், கரும்புத் தோகையைக் கொளுத்தாமல் சால்களின் இடையே பரப்பி வைத்தலும் போதும். புழுக்கள் தாமாகவே வந்து சேரும். சென்னை நியூ கல்லூரியில் விலங்கியற் பேராசிரியராயிருந்த சுல்தான் இஸ்மாயில் அவர்கள் உள்ளூர் இனங்களையே போற்றி வளர்க்கும்படி நெடுங்காலமாக வற்புறுத்தி வந்திருப்பதும் இக்காரணம் பற்றியே.

மண்புழுவை ஒழிப்பதில் நம்மவர் கைக்கொண்ட முறைகள் பல. முன்னாளில் வேர்ப்புழுவுக்கும் கறையானுக்கும் பி. எச். சி. தூளைக் கணக்கின்றி நிலத்திற் கலந்தனர். அது 1997-ஆம் வருஷம் தடை செய்யப்பட்டது. அதற்குப்பின் பரவிய போரேட் குருணையும் 2020-ஆம் வருஷம் டிசம்பர் மாத இறுதியோடு நிறுத்தப்பட்டது. கார்போபியூரான், மண்புழுவுக்கு மிகக் கொடிய நஞ்சு; 2023-இல் மத்திய அரசாங்கம் அதன் மற்ற வடிவங்களை விலக்கி, உறையிட்ட 3 சதவீதக் குருணையை மட்டும் குறிப்பிட்ட பயிர்களுக்கு அனுமதித்தது. பழைய இருப்பு என்று சொல்லிக் கொட்டகையின் மூலையிலிருந்து எடுத்துத் தரப்படும் பெயரில்லாத குருணையை ஒருவரும் வாங்கலாகாது. சீட்டில்லாத டப்பாவிலுள்ள மருந்து எந்தப் பயிருக்கு, எந்த அளவில் என்பதை விற்பவரும் அறியார்.

இனி மகசூலிற் பங்கு கொள்பவை. இவற்றுட் கறையானே முதன்மையானது. கறையானும் ஈசலும் வெவ்வேறு பிராணிகள் என்று கருதுவோர் இன்றும் உளர். புற்றினின்றும் முதல் மழைக்குப்பின் இறக்கை முளைத்துப் பறந்து வரும் ஆண், பெண் கறையான்களே ஈசல். தரையில் விழுந்து இறக்கை உதிர்த்தபின் இணைந்து புதுப் புற்றுக்கு அடிகோலுபவை அவையே. இருளரும் பிறரும் அவற்றைப் பிடித்து வறுத்து உண்பதனால், வருங்காலத்துப் புற்றுகள் பல முளையிலேயே குறைகின்றன என்பதையும் நினைக்க வேண்டும். புற்றிலுள்ள கறையான்கள் தாம் கொணர்ந்த தழையையும் மரத்துகளையும் அரைத்து, அதில் ஒருவகைக் காளானைப் பயிரிட்டு உண்கின்றன. மழையில் புற்றின்மேல் முளைக்கும் புற்றுக்காளான் அப்பயிர் வெளியே தலைகாட்டியதேயாகும். மனிதனுக்கு எவ்வளவோ காலம் முன்பே இவை விவசாயம் செய்யக் கற்றுக்கொண்டன.

வேர்க்கடலைக்குக் கறையானால் நேரும் தீங்கு, செடி காய்வதோடு முடிவதன்று. காய் முற்றும் தருணத்தில் மழை பொய்த்து நிலம் வறண்டால், கறையான் காயின் மேலோட்டைச் சுரண்டித் தின்னும். பருப்பைத் தொடாவிட்டாலும், ஓடு மெலிந்த இடத்தின் வழியே மஞ்சள் நிறப் பூசணம் உட்புகுந்து அப்லாடாக்சின் என்னும் நஞ்சை உண்டாக்கும். கண்ணுக்கு நல்லதாகத் தோன்றும் அப்பருப்பைத் தின்பவருக்குக் கல்லீரல் கெடும். பிண்ணாக்கைத் தின்ற மாடும் கோழியும் நோயுறும். மண்டியில் பரிசோதனை செய்தால் விலை போகாது. ஆகையால் முற்றிய கடலையை 'இன்னொரு மழை பார்க்கலாம்' என்று நிலத்திலே விட்டு வைத்தல் தவறு. கிணற்றில் நீருள்ளவர் காய் பருக்கும் காலத்தில் ஒரு தண்ணீர் கட்டுதல் நலம். பாதி மக்கிய சாணத்தையும் வைக்கோற் கட்டையையும் கடலை நிலத்தில் இடுவது கறையானுக்கு விருந்து வைப்பதாகும். முன்னர்க் கரும்புத் தோகையைப் பரப்பச் சொன்னதற்கு இது முரண் எனத் தோன்றலாம். நீர் பாயும் கரும்பில் தோகை விரைவில் மக்கும். வறண்ட மேட்டில் மக்காது கிடந்து கறையானுக்கு இரையாகும். ஒரே முறை எல்லா நிலத்துக்கும் ஒவ்வாது.

வயல் நடுவே ஒதுங்கி நிற்கும் புற்றை, அதிலும் மஞ்சளும் குங்குமமும் இட்டு மக்கள் வணங்கும் புற்றை, இடிக்கச் சொல்வது நம் கருத்தன்று. ஆனால் ஏரிக்கரையில் உள்ள புற்றின் விஷயம் வேறு. வெளியே ஒரு முழம் உயர்ந்திருக்கும் புற்றுக்குக் கீழே அறைகளும் வழிகளும் கரையின் உட்புறத்தில் ஓடுகின்றன. ஏரி நிரம்பியதும் தண்ணீர் அவ்வழிகளில் நூலிழை போற் கசியத் தொடங்கி, மண்ணை அரித்துத் துளையைப் பெரிதாக்கி, முடிவில் கரையையே உடைத்துவிடும். நண்டு வளையும் எலி வளையும் இத்தகையனவே. ஆதலால் புரட்டாசி முடிவதற்குள் கிராம நிர்வாக அலுவலரும் ஆயக்கட்டுதாரர்களும் சேர்ந்து கரையின் இரு சரிவுகளையும் நடந்து பார்த்தல் வேண்டும். மேலே தெரியும் மண்ணை மட்டும் மண்வெட்டியாற் சீவிவிடுவதால் பயனில்லை. சில நாட்களில் அது மீண்டும் எழும்பும். அடியிலுள்ள கெட்டியான அறையில், ஒரு விரலளவு பருத்து நகரமாட்டாமற் கிடக்கும் ராணிக் கறையானை எடுத்த பின்னரே புற்று அழியும். தோண்டிய குழியில் களிமண்ணை அரை அடி அரை அடியாக இட்டு, நீர் தெளித்துத் திமிசுக்கட்டையால் இடித்து நிரப்ப வேண்டும். தளர்ந்த மண்ணால் மூடிய குழி, புற்றைவிடப் பெரிய கேடு.

எருக்குழியில் வாழும் பகைவன் காண்டாமிருக வண்டின் புழு. தென்னை வைத்திருப்பவர் இவ்வண்டை அறிவர்; குருத்தைத் துளைத்து உட்செல்வதால், பின்பு விரியும் மட்டையிலுள்ள ஓலைகள் கத்தரியால் வெட்டியவை போல் முக்கோணமாகக் குறைபட்டிருக்கும். அவ்வண்டு மரத்திற் பிறப்பதன்று. வீட்டுக்குப் பின்னாலுள்ள எருக்குழியிலேயே முட்டையிட்டு, புழுவாகச் சில மாதங்கள் வளர்கிறது. கொக்கி போல் வளைந்த, கட்டை விரல் தடிப்புள்ள, தலை சிவந்த வெள்ளைப் புழு அதுவே. இரண்டு மூன்று மாதங்களுக்கொரு முறை குழியைக் கிளறினால் கோழிகளும் காகங்களும் அவற்றைப் பொறுக்கிவிடும். மெட்டாரைசியம் என்னும் பச்சைப் பூசணத்தை நீரிற் கரைத்துக் குழியில் தெளித்தால், அது புழுக்களுக்கு நோயூட்டிக் கொல்லும். மாட்டுக்கும் மனிதருக்கும் அதனால் தீங்கில்லை. 1963-இல் மலேயாவில் ஹூகர் என்னும் ஜெர்மானிய அறிஞர் இவ்வண்டுக்கு நோயுண்டாக்கும் ஒரு வைரஸைக் கண்டுபிடித்தார். அதைக்கொண்டு சமோவா முதலிய பசிபிக் தீவுகளில் தென்னையைக் காத்தனர். ஒருவர் தம் குழியைச் சுத்தம் செய்து, அடுத்த வீட்டார் செய்யாவிட்டால் வண்டு பறந்து வருவதைத் தடுக்க முடியாது. இவ்வுண்மையை உணர்ந்தே, பயிர்ப் பூச்சிகளை ஊரார் யாவரும் ஒருங்கே ஒழிக்கும்படி உத்தரவிடச் சென்னை மாகாணத்தில் 1919-ஆம் வருஷத்திலேயே ஒரு சட்டம் இயற்றப்பட்டது.

கடலை, கரும்பு ஆகியவற்றின் வேரைத் தின்னும் வேர்ப்புழுவும் உருவத்தில் இதனை ஒத்தது, அளவிற் சிறியது. அதன் தாய் வண்டுகள் கோடை மழை பெய்த அன்று மாலையில் மண்ணினின்று கூட்டமாக வெளிவந்து வேம்பு, முருங்கை முதலிய மரங்களில் அமர்ந்து இலையைத் தின்னும். அந்த இரவுகளில் கிளைகளை உலுக்கிக் கீழே விழுபவற்றைப் பொறுக்கி மண்ணெண்ணெய் கலந்த நீரிற் போட்டால், பின்னர் நிலத்தில் நஞ்சிடும் செலவு பெரிதும் குறையும். அந்தச் சில இரவுகளைத் தவறவிட்டால், அடுத்த வருஷத்துக் கோடை மழைக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

ஏனையவற்றைச் சுருக்கமாகக் கூறலாம். மரவட்டை மக்கிய தழையைத் தின்று எருவாக்குவது; அதன் உடலினின்று கசியும் நீர் கையிற் கறைபடுத்துமேயன்றிப் பெருந்தீங்கு செய்யாது. பூரான் கடித்தால் வலி கடுமையாக இருக்கும். உயிருக்கு அபாயம் அரிது. அது கரப்பான் முதலியவற்றைத் தின்பது. மண்புழுவைப் போலவே தோன்றி, ஆனால் உடல் வழவழப்பாகவும் பளபளப்பாகவும் இருந்து, பாம்பைப் போல் நெளிந்தோடும் ஒரு கரிய உயிரைப் பூத்தொட்டியிலும் குளியலறைக் கால்வாயிலும் காண்கிறோம். அது புழுப்பாம்பு. காதிற் புகுந்து கொல்லும் என்றெல்லாம் சொல்லி இதனை அடித்துவிடுகின்றனர். அதற்கு விஷமில்லை, எறும்பு, கறையான் ஆகியவற்றின் முட்டையும் குஞ்சுமே அதன் உணவு. இவ்வினத்தில் ஆணே இல்லை என்பதும், பெண் தனித்தே இனம்பெருக்கும் இயல்புடையதாதலின், செடித்தொட்டி மண்ணில் ஒளிந்து உலகத்தின் பல தேசங்களுக்கும் பரவிவிட்டது என்பதும் வியப்பானவை.

செடித்தொட்டி மண்ணில் வரும் வேறொரு விருந்தாளியை மட்டும் வரவேற்கலாகாது. கிழக்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த பெருநத்தை, 1847-இல் பென்சன் என்பவரால் மொரீஷியஸ் தீவிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவரப்பட்டது. 1900-ஐ ஒட்டி இலங்கையிலும் புகுந்தது. இன்று தமிழ்நாட்டிலும் பல இடங்களில் உளது. நாற்று வாங்கும்போது தொட்டியின் அடியைப் பாருங்கள். கண்டால் நனைந்த சாக்கின் கீழ் பப்பாளி இலையை வைத்து, கூடியவற்றைக் காலையிற் பொறுக்கி உப்பு நீரிற் போடலாம். வெறுங்கையால் தொடலாகாது, மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் ஒரு புழு அதன் உடலில் இருத்தல் கூடும்.

இறுதியாகத் தேள். கடலைக்கொடியைப் போரினின்று வாரும்போதும், செங்கல் அடுக்கைப் பிரிக்கும்போதும், வறட்டி எடுக்கும்போதும் கொட்டுவது இதுவே. கொட்டுப்படுபவர் பெரும்பாலும் நிலக்காரர் அல்லர், கூலிக்கு வந்தவரும் அவர்தம் குழந்தைகளுமே. நட்டுவாக்காலி என்னும் பெரிய கருந்தேள் பார்வைக்குப் பயங்கரமாயினும் அதன் கொட்டு பெரும்பாலும் வலியோடு நின்றுவிடும். அஞ்சத்தக்கது அதனினும் சிறிய செந்தேள். இடுக்கிக் கை பருத்து வால் மெலிந்திருந்தால் அபாயம் குறைவு. கை மெலிந்து வால் பருத்திருந்தால் அபாயம் அதிகம். செந்தேளின் விஷம் நரம்புகளைத் தூண்டி இருதயத்தைத் தாக்குகிறது. மிகுந்த வியர்வை, வாந்தி, கைகால் குளிர்தல், அதன்பின் மூச்சுத்திணறலும் நுரை கலந்த சளியும் தோன்றும். குழந்தைகளுக்கு இது விரைவில் முற்றும்.

மகாராஷ்டிரத்தின் கொங்கணக் கரையில் முன்பு செந்தேள் கடுமையாகத் தாக்கியவரில் நூற்றுக்கு நாற்பது பேர் வரையில் மாண்டனர். அங்கே மஹாட் என்னும் சிற்றூரில் வைத்தியம் செய்துவந்த டாக்டர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர், நோயாளிகளின் படுக்கையருகே இரவு பகலாக அமர்ந்து கவனித்து, இரத்தக் கொதிப்புக்கு வழங்கும் பிராசோசின் என்னும் மலிவான மாத்திரை இவ்விஷத்தின் வேகத்தைத் தடுப்பதை 1980-களில் நிரூபித்தார். மரணம் நூற்றுக்கு ஒன்று என்ற அளவுக்குக் குறைந்தது. 2022-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. பெரிய நகரத்து ஆராய்ச்சிசாலையில் அன்றி, கிராமத்து மருத்துவமனையில் இது கண்டுபிடிக்கப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது. தேள் விஷமுறிவு மருந்தும் இப்போது உண்டு; இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது விரைவான குணம் தருமென்று அவரே பின்னர்க் கண்டார்.

ஆனால் மருந்து எவ்வளவு நல்லதாயினும், கொட்டுப்பட்டவர் காலத்தில் போய்ச் சேர்ந்தாலன்றிப் பயனில்லை. முதல் மணி நேரத்தை மந்திரிப்பவர் வீட்டு வாசலிற் கழிப்பதே நம் பக்கத்தில் நடக்கும் பெருந்தவறு. கருந்தேள் கொட்டியவர் மந்திரம் இல்லாமலும் பிழைப்பார். அதைக்கொண்டு பெயர் வாங்கியவர், செந்தேள் கொட்டிய குழந்தையைக் காப்பாற்ற மாட்டார். கொட்டுவாயைக் கீறுதல், உறிஞ்சுதல், கயிற்றால் இறுகக் கட்டுதல் ஆகியவை வேண்டா. படுக்கவைத்து, 108-ஐ அழைத்து, அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ திருத்தணி அரசினர் மருத்துவமனைக்கோ கொண்டுசெல்ல வேண்டும். வியர்வையும் வாந்தியும் கண்ட குழந்தையை 'காலையில் பார்த்துக்கொள்ளலாம்' என்று வீட்டில் வைத்திருக்கலாகாது.

தேள்கள் நீலலோகிதக் கதிர் விளக்கின் ஒளியில் பச்சையாக ஒளிரும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் அத்தகைய கைவிளக்கு ஒன்றை வாங்கி, கடலைக்கொடிப் போரையும் களத்து ஓரத்துக் கற்களையும் அறுவடைக்கு முந்தைய இரவிற் பார்த்துவிட்டால், மறுநாள் அங்கே வேலை செய்பவர்கள் எந்த இடத்திற் கை வைக்கலாகாது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். வேலையாட்களுக்குக் காலணியும், போரைப் புரட்ட நீண்ட கவைக்கோலும் கொடுப்பது நிலக்காரர் செலவு. அன்று ஊரிலிருந்து கிளம்பத் தயாராக யாருடைய வண்டி நிற்கும் என்பதையும் வேலை தொடங்குமுன் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.